ஈச்சந்தாங்கல் மேலத்தெரு

எங்கள் வரலாற்றுப் பேராசிரியருக்கு ஒரு பழக்கம் உண்டு. கட்டுரைக்குத் தலைப்பைக் கொடுத்துவிட்டு, உள்ளே என்ன எழுத வேண்டும் என்பதையும் அவரே சொல்லிவிடுவார். எனக்குக் கிடைத்தது ‘அணைப்பகுதியின் வரலாறும் இயற்கைச் சூழலும்’. வரலாறு என்றால் அணை கட்டியது. இயற்கைச் சூழல் என்றால் தண்ணீர், பூங்கா, பறவைகள். அது எண்பத்து மூன்றாம் வருஷம் ஆடி மாதம். அணையில் தண்ணீர் இல்லை. பூங்காவில் மாடு மேய்ந்தது. பறவைகள் வேறு ஜில்லாவுக்கு மாறுதல் வாங்கிக்கொண்டு போய்விட்டன. இதைப் பணிவாக அவரிடம் சொன்னேன்.

“தண்ணி இருக்கிற மாதிரி எழுதுப்பா” என்றார்.

திருவண்ணாமலையே அந்த வருஷம் அப்படித்தான் கிடந்தது. அய்யங்குளத்தில் இறங்கி நாங்கள் கிரிக்கெட் ஆடினோம். மேல் படிக்கட்டைப் பந்து தாண்டினால் சிக்சர். மலை செம்மறியாட்டு நிறத்துக்கு வந்திருந்தது. லாரித் தண்ணீருக்கான குட வரிசை எங்கள் தெருவில் தொடங்கி இன்னொரு தெருவில் முடியும். தண்ணீர் இருக்கிற மாதிரி நினைத்துக்கொண்டு குளிக்கவே நான் பழகியிருந்தேன். எழுதுவது அதைவிடச் சுலபம் என்று பேனாவை எடுத்தபோதுதான் சின்னசாமி மாமா வந்தார்.

மாமா என்றால் ரேணுகாம்பாள் அத்தையின் புருஷன். அத்தை என் அப்பாவுக்கு அக்கா. அத்தை கீழ்பென்னாத்தூரில் எங்கள் வீட்டில் இருக்கிறாள். மாமா அணையில் இருக்கிறார். நான் படிப்பதற்காகத் திருவண்ணாமலையில் ஒரு மாடி அறை எடுத்து, இரண்டு பேருக்கும் நடுவில் இருக்கிறேன். அறை இருப்பது திருவூடல் தெருவில். வருஷா வருஷம் மாட்டுப் பொங்கல் அன்றைக்கு எங்கள் தெருவில் சாமிக்கும் அம்மனுக்கும் சண்டை வரும். அம்மன் கோவித்துக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொள்வாள். சாமி ராத்திரி வேறெங்கோ தங்கி, தனியாக மலை சுற்றிவிட்டு, மறுநாள் வீடு திரும்பிவிடுவார். அத்தையும் மாமாவும் இந்த ஏற்பாட்டைத் தொடங்கி இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. மறுநாள்தான் இன்னும் வரவில்லை.

மாமா அணையில் லஸ்கர். ஷட்டரை ஏற்றி இறக்குவது, நீர்மட்டம் பார்த்துச் சொல்வது அவர் வேலை. அந்த வருஷம் ஏற்றவும் இல்லை, இறக்கவும் இல்லை. ஆனாலும் தினமும் காலையில் அணையின் உள்பக்கப் படியில் இறங்கி, சுவரில் எழுதியிருக்கும் எண்களைப் பார்த்துவிட்டு, ஆபீஸுக்குப் போய், “இல்லீங்க” என்று சொல்லிவிட்டு வருவார். முதல் நாள் சொன்னதேதான் என்றாலும் நேரில் போய்ச் சொன்னால்தான் அவருக்குத் திருப்தி.

அறைக்குள் வந்தவர் என் தகரப் பெட்டிமேல் உட்கார்ந்தார். காக்கிச் சட்டையில் கிரீஸ் வாசனை. கொஞ்ச நேரம் சுவரைப் பார்த்தார்.

“அம்மன் வெளிய வந்துட்டா மாப்ள.”

எனக்கு உடனே புரிந்தது. எங்கள் வீட்டில் இந்தக் கதை தெரியாத ஆள் கிடையாது. உங்களுக்காக ஒரு தடவை சொல்லிவிடுகிறேன். இதைத்தான் நான் கட்டுரையில் வரலாறு என்று எழுதியிருக்க வேண்டும்.

அணை வருவதற்கு முன்னால் அந்த இடத்தில் ஈச்சந்தாங்கல் என்று ஓர் ஊர் இருந்தது. பேரில் தாங்கல் என்று ஒரு சிற்றேரி இருந்ததே தவிர, அந்தத் தாங்கலில் தண்ணீர் இருந்ததாக யாரும் சொல்லிக் கேட்டதில்லை. முள்ளுக்காடு, சரளை மேடு, கம்பு, கேழ்வரகு, கொஞ்சம் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை. ஜனங்கள் வருஷா வருஷம் பொன்னியம்மனுக்குக் கூழ் ஊற்றித் தண்ணீர் கேட்டார்கள். பொன்னியம்மன் பொறுத்துப் பொறுத்துப் பார்த்து, கடைசியில் கொஞ்சம் ஜாஸ்தியாகக் கொடுத்துவிட்டாள்.

அணை கட்டி முடியப் போகிறது, ஊரைக் காலி பண்ணுங்கள் என்று அரசாங்கத்திலிருந்து சொன்னார்கள். காலி பண்ணுவதில் ஜனங்களுக்கு இருந்த கஷ்டமெல்லாம் அம்மனைப் பற்றித்தான். அம்மனைக் கல்லோடு பெயர்த்துக்கொண்டு போக முடியாது. அவள் காலடியில் ஒரு பிடி மண் எடுத்துப் போய்ப் புது இடத்தில் வைத்துப் பூசை போட்டால் அவள் கூடவே வந்துவிடுவாள். இதற்குப் பிடிமண் எடுப்பது என்று பேர். ஈச்சந்தாங்கல்காரர்களுக்கு இதில் தனி முறை ஒன்று. அம்மன் வகையறாவில் ஒருத்தர் மண்ணை அள்ள வேண்டும், அதே வகையறாவில் இன்னொருத்தர் துணியில் வாங்க வேண்டும். அள்ளுகிற கையே வாங்கிக்கொண்டால் அது திருட்டு. தனியாகப் போய் எடுத்தால் அம்மன் வரமாட்டாள், மண்தான் வரும்.

முறையெல்லாம் எல்லாருக்கும் தெரியும். ஆட்களும் இருந்தார்கள். மாதம்தான் ஆடியாக இருந்தது. ஆடியில் யாரும் வீடு மாற்றுவதில்லை. மனுஷனுக்கே கூடாது என்றால் அம்மனை எப்படி மாற்றுவது? புளியமரத்தடியில் ஊர் கூடியது. பூசாரி வீட்டுப் பிள்ளை சின்னசாமி, அப்போதுதான் கல்யாணமாகி ஆறேழு மாதம் ஆகியிருந்த எங்கள் மாமா, எழுந்து நின்று தீர்ப்பு சொன்னார். ஆடி போகட்டும், ஆவணி முதல் வெள்ளியில் எடுக்கலாம். கவர்மெண்டு சொன்ன தேதிக்கு என்றைக்குத் தண்ணீர் வந்திருக்கிறது?

எல்லாரும் சரி என்றார்கள். பெண்கள் கூட்டத்தின் பின்னாலிருந்து புதுப்பெண் ஒருத்தி மட்டும், தண்ணிக்கு ஆடி ஆவணியெல்லாம் தெரியுமா என்று கேட்டாள். ரேணுகாம்பாள் அத்தைதான். சின்னசாமியைப் பார்த்து, பெண்டாட்டியை அடக்கப்பா என்று யாரோ சொன்னார்கள். மாமா திரும்பி ஒரு பார்வை பார்த்தார். அத்தை அடங்கினாள்.

மேற்கே மழை கொட்டி, ஆடிப்பெருக்கு முடிந்த கையோடு தண்ணீர் வந்தது. அதுவரைக்கும் பெருக்கைப் பார்க்க மைல் கணக்கில் நடந்துபோன ஊருக்கு, முதல் தடவையாகப் பெருக்கு வாசலுக்கே வந்தது. ஆட்டையும் அண்டாவையும் தூக்கிக்கொண்டு மேட்டுக்கு ஓடினார்கள். பிடிமண் எடுக்க யாரும் இல்லை. விடியும்போது புளியமரத்தின் உச்சி மட்டும் தெரிந்ததாம்.

அதற்குப் பிறகு ஊர் நாலா பக்கமும் பிரிந்தது. மாமா மட்டும் எங்கும் போகவில்லை. தண்ணீருக்குள் அம்மனை விட்டது நான்தான், என்றைக்கு வற்றினாலும் நான் பக்கத்தில் இருக்க வேண்டும் என்று லஸ்கர் வேலையில் சேர்ந்தார். குவார்ட்டர்ஸ் கொடுத்தார்கள். அதற்கு ஒரே ஜன்னல், அது தண்ணீரைப் பார்த்திருந்தது. அத்தை ஒரு வருஷம் அதில் இருந்தாள். ஒரு நாள் துணியை மூட்டை கட்டிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டாள். சண்டை எதுவும் இல்லை. தாத்தா காரணம் கேட்டதற்கு, “என் வூட்டு மேல தண்ணி நிக்கிறதப் பாத்துக்கினு தெனமும் சோறு திங்க முடியல” என்றாளாம்.

மாமா நல்ல நாள் பெரிய நாளுக்கு அணை மீனை யார் மூலமாவது அனுப்புவார். பெரும்பாலும் என் மூலமாக. கெளுத்தி, விரால், நல்ல மீன்கள். அத்தை அதைத் தொடமாட்டாள். “என் வூட்டு அடுப்படில மேஞ்ச மீனு” என்று சொல்லிப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிடுவாள். பக்கத்து வீட்டுக்காரர்கள் கொழுத்தார்கள்.

இப்போது தகரப் பெட்டிமேல் உட்கார்ந்திருந்த மாமாவுக்குச் சொல்ல வேண்டியது இன்னும் இருந்தது. அணை இவ்வளவு வற்றியது இதுதான் முதல் தடவை. அம்மன் இடுப்பு வரைக்கும் தெரிகிறாள். ஆனால் மேற்கே மழை பிடித்துவிட்டது, மேல் அணையைத் திறக்கப் போவதாக ஆபீஸில் பேச்சு. ஆடி கடைசி வெள்ளியில் பிடிமண் எடுத்துவிட வேண்டும். பங்காளிகளுக்குச் சொல்ல அவருக்குத் துணை வேண்டும், தனியாகப் போக வெட்கமாக இருக்கிறது.

“அம்மன எடுத்துட்டா வேலைய வுட்டுடுவேன் மாப்ள. அப்புறம் தண்ணியப் பாத்துக்கினு இருக்கணும்னு எனக்கும் இன்னா?”

அந்த ‘எனக்கும்’ என்ற வார்த்தையை அவர் ரொம்ப மெதுவாகச் சொன்னார். எனக்குக் கிண்டலாக ஏதாவது சொல்ல வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை.

முதலில் வேங்கிக்காலில் ஆதிமூலத்தைப் பார்த்தோம். பங்காளிகளில் அவர்தான் மூத்தவர். சர்க்கார் உத்தியோகத்தில் இருந்துவிட்டு, முள்ளு வெட்டிய மனையில் புது வீடு கட்டிக்கொண்டிருந்தார். சாரத்தின் மேலிருந்தபடியே முழுக் கதையையும் கேட்டார். அம்மன் வெளியே வந்ததில் அவருக்குச் சந்தோஷம்தான். கண்கூடக் கலங்கியது. கடைசியில், ஆடியிலே எப்படிடா தம்பி எடுக்கிறது, ஆவணி பிறக்கட்டும், கிரகப்பிரவேசமும் அப்போதுதான் வைத்திருக்கிறேன், இரண்டையும் சேர்த்தே பார்த்துவிடலாம் என்றார்.

அடி அண்ணாமலையில் வேணு டீக்கடை வைத்திருந்தார். எங்களுக்கு டீ கொடுத்தார், காசு வாங்கவில்லை. ஈச்சந்தாங்கல் என்ற பேரைக் கேட்டே பத்து வருஷமாச்சு என்றார். ஆடியில் கூழ் ஊற்றலாம், அம்மனைப் பேர்க்கக் கூடாது என்று மாமா ஊரில் சொன்ன அதே தீர்ப்பை மாமாவுக்கே திருப்பிச் சொன்னார். ஆவணியில் பார்க்கலாம். இன்னும் நாலைந்து வீடு போனோம். எல்லாரும் மரியாதையாகப் பேசினார்கள். எல்லாருக்கும் ஆவணி சௌகரியமாக இருந்தது. மாமா ஒருத்தரிடமும் வாதம் பண்ணவில்லை. பண்ணுவதற்கு அவருக்கு எந்த யோக்கியதையும் இல்லை என்று அவரே நினைத்தார் போலிருக்கிறது. வெள்ளிக்கிழமை நான் அங்க இருப்பேன், மனசு வந்தா வாங்க என்று மட்டும் ஒவ்வொரு வாசலிலும் சொல்லிவிட்டு வந்தார்.

என்னிடம் ஒரு விஷயத்தைத் தனியாகச் சொன்னார். அத்தைக்கு இதைச் சொல்ல வேண்டிய அவசியமில்லை. பஸ் ஏறும்போது அதையே மறுபடி சொன்னார். பஸ் கிளம்பியபின் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி இன்னொரு தடவையும் சொன்னார்.

அன்றைக்கே கீழ்பென்னாத்தூர் போய் அத்தையிடம் சொன்னேன். அத்தை மல்லாட்டை உரித்துக்கொண்டிருந்தாள். முழுக்கக் கேட்டாள். உரித்துக்கொண்டே இருந்தாள். “படிக்கிற புள்ள வெயில்ல அலையாத” என்றாள். அவ்வளவுதான்.

வெள்ளிக்கிழமை காலை முதல் பஸ்ஸில் மாமாவும் நானும் பழைய ரோட்டு முனையில் இறங்கினோம். அந்தக் காலத்தில் அது ஈச்சந்தாங்கலுக்குப் போகிற ரோடு. அணை கட்டியபிறகு ரோடு நேராகத் தண்ணீருக்குள் இறங்கிவிடும். ஊர் பார்க்க வருகிறவர்கள் அங்கே நின்று போட்டோ எடுத்துக்கொள்வார்கள். இப்போது அது சேற்றுக்குள் இறங்கியது. சேறும் காய்ந்து, பாளம் பாளமாக வெடித்து, ஓரங்கள் அப்பளம் மாதிரி மேலே சுருண்டிருந்தன. காலை வைத்தால் உடையும் சத்தம் கேட்கும். அந்தச் சத்தத்தைத் தவிர வேறு சத்தம் இல்லை.

பாலைவனம் என்பதற்கு எங்கள் புத்தகத்தில் மழையளவை வைத்து ஒரு கணக்கு இருக்கிறது. அந்தக் கணக்குப்படி எங்கள் ஜில்லா பாலைவனத்தில் சேராது. அணைக்கு அந்தப் புத்தகம் கிடைக்கவில்லை. கண்ணுக்கு எட்டிய தூரம் வரை வெளிறிய சாம்பல் தரை. நத்தை ஓடுகள், மட்டிச் சிப்பிகள், வெயிலில் வெளுத்த மீன் முள். சீமைக்கருவேலம் மட்டும் யாரும் கூப்பிடாமலே வந்து முழங்கால் உயரத்துக்கு முளைத்திருந்தது. கறுத்துப்போன பனை மரங்கள் தலையில்லாமல் நின்றன. நட்ட நடுவில் ஒரு ஆள்காட்டிக் குருவி, வெறும் தரையில் கூழாங்கல் மாதிரி முட்டையிட்டுவிட்டு எங்களைப் பார்த்துக் கத்தியது. இங்கே தண்ணீர் வரும் என்று அதற்கு யாரும் சொல்லவில்லை. தூரத்தில் தண்ணீர் நின்ற இடத்தில் கானல் நின்றது. அலைகூட அடித்தது. பேராசிரியர் சொன்ன மாதிரி, தண்ணீர் இருக்கிற மாதிரியேதான் இருந்தது.

ஊர் இருந்த இடம் கால் மணி நேர நடை. அங்கே ஊர் என்று ஒன்றும் இல்லை. மண் சுவர்கள் கரைந்து தரையோடு போய்விட்டன. ஓர் ஆட்டுக்கல், உடைந்த தொட்டி, வாய் வரை மண் நிறைந்த கிணறு. ஓர் ஓரத்தில் நடுகல் சாய்ந்து நின்றது. அதில் ஒரு வீரன் கையில் வில்லோடு, மாடுகளை மீட்கப் போய்ச் செத்தவன். எங்கள் பேராசிரியருக்கு இந்த மாதிரிக் கல் என்றால் உயிர். வில்லின் வளைவில் நத்தை ஒட்டிக் காய்ந்திருந்தது. மாடுகளை மீட்டவனை மீட்க யாரும் வராததைப் பற்றி ஒரு வரி எழுதலாம் என்று நினைத்துக்கொண்டேன்.

அம்மன் கொஞ்சம் தள்ளி இருந்தாள். செங்கல் கோயில் விழுந்து, கல் மட்டும் நின்றது. முகம் மழுங்கிவிட்டது. மாமா செருப்பைக் கழற்றினார். கொண்டுவந்த குடத்துத் தண்ணீரில் கொஞ்சம் எடுத்து முகத்தைக் கழுவிவிட்டார். மஞ்சள் தடவி, குங்குமம் வைத்தார். முகம் இல்லாததால் எங்கே வைப்பது என்று ஒரு நிமிஷம் யோசித்தார்.

பிறகு மண்வெட்டி எடுத்து அம்மன் காலடியில் தோண்ட ஆரம்பித்தார். நான் உதவிக்குப் போனேன், வேண்டாம் என்றார். நான் பெண் கொடுத்த வீட்டுப் பையன், அந்த மண்ணில் எனக்குப் பாத்தியதை இல்லை. நடுகல் நிழலில் போய் உட்கார்ந்தேன். அவர் தோண்டத் தோண்ட வண்டல்தான் வந்தது. கறுப்பாக, வழவழவென்று.

“இதெல்லாம் மேக்கால இருந்து வந்த மண்ணு” என்றார் மாமா. “கர்நாடகத்து மண்ணு. நம்மளுது அடில கீது.”

முழங்கால் ஆழத்துக்கு மேல் போனபின்தான் சிவப்பு தெரிந்தது. ஈரம் இல்லாத, சரளை கலந்த செம்மண். மாமா மண்வெட்டியை வெளியே வைத்துவிட்டு, பள்ளத்துக்குள்ளேயே குத்துக்காலிட்டு உட்கார்ந்து அதைத் தொட்டுப் பார்த்தார். அள்ளவில்லை. அள்ளினால் வாங்க ஆள் வேண்டும்.

காத்திருந்தோம். வெயில் ஏறியது. கானலுக்குள் ஆட்கள் வருவது தெரிந்தது. மாமா எழுந்து வேட்டியைச் சரிசெய்து நின்றார். பக்கத்தில் வந்தபின் அவை ஆடுகள். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி ஆட்கள். அவர்கள் கருவேலம் வெட்டுகிறவர்கள், எங்களைத் தாண்டிப் போனார்கள். தீப்பெட்டி இருக்கிறதா என்று மட்டும் கேட்டார்கள். மாமா கொண்டுவந்த புளிச்சோற்றைப் பிரித்தோம். மூன்று பேருக்குப் போதுமான சோறு. ஏன் என்று நான் கேட்கவில்லை. அவர் பிரித்த பொட்டலத்தில் பாதியைத் தனியாக மடித்து வைத்தார்.

உச்சி வெயில் சாய்ந்தபோது மேற்கே அடிவானத்தில் ஒரு கறுப்புக் கோடு. மேகம்தான். மாமா அதைப் பார்த்தார். பள்ளத்தைப் பார்த்தார். இதோ இங்கே இருக்கிறது மண், கை இருக்கிறது, தோளில் துண்டு இருக்கிறது, யாரும் பார்க்கப் போவதில்லை. நீங்களே எடுத்துவிடுங்கள் மாமா என்று நான் சொன்னேன். எனக்கு வரலாறு பாடத்தில் நல்ல மார்க், முறைகளெல்லாம் எப்படி உண்டாகின்றன என்று தெரியும். அவர் என்னைக் கோபிக்கவில்லை.

“எடுக்கலாம். அவ வரமாட்டா” என்றார்.

அம்மனைச் சொன்னாரா, வேறு யாரையாவதா என்று தெரியவில்லை.

அதற்குக் கொஞ்ச நேரம் கழித்துக் கானலில் மறுபடியும் ஓர் உருவம் தெரிந்தது. ஒற்றையாக. நான் ஆடு என்றே முடிவு பண்ணி விட்டுவிட்டேன். உருவம் பழைய ரோட்டிலிருந்து இறங்கியது. நேராக எங்களைப் பார்த்து வரவில்லை. வெட்டவெளி, எந்தத் தடையும் இல்லை, அப்படியே குறுக்கே நடந்தால் பத்து நிமிஷத்தில் வந்துவிடலாம். ஆனால் அந்த உருவம் வலது பக்கமாகக் கொஞ்ச தூரம் போனது. பிறகு ஒன்றுமே இல்லாத ஓர் இடத்தில் நின்று, இடது பக்கம் திரும்பியது. நேராக நடந்தது. மறுபடி ஒன்றுமே இல்லாத இடத்தில் திரும்பியது. ஓர் இடத்தில் எதையோ சுற்றிக்கொண்டு ஒதுங்கி வந்தது. வெயிலில் யாருக்கோ மூளை கலங்கிவிட்டது என்று நினைத்தேன்.

மாமா எழுந்து நின்றிருந்தார். இந்தத் தடவை வேட்டியைச் சரிசெய்யக்கூட இல்லை.

“தெரு வழியா வர்றா” என்றார்.

ஒதுங்கி வந்த இடம் கிணற்று முனையாம். திரும்பியது மேலத்தெரு. இடது பக்கம் மூன்றாவது வீட்டுக்கு நேரே வரும்போது அத்தை நடையை நிறுத்தினாள். அங்கே வண்டலும் இரண்டு கருவேலங்கன்றும்தான் இருந்தன. அதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு வந்தாள்.

அத்தை கையிலிருந்த பையைக் கீழே வைத்துவிட்டு, நடுகல் பக்கத்தில் என்னோடு நின்றுகொண்டாள். மாமா பள்ளத்துக்குள் நின்றார். நடுவில் பத்தடி இருக்கலாம். காற்றுகூட இல்லை, ஒருத்தர் மூச்சு இன்னொருத்தருக்குக் கேட்கும்.

“பங்காளிங்க யாரும் வரலியானு கேளு” என்றாள் அத்தை என்னிடம்.

கேட்டேன்.

“ஆவணில பாத்துக்கலாம்னுட்டாங்கனு சொல்லு” என்றார் மாமா.

சொன்னேன். கீழ்பென்னாத்தூர் தபால் ஆபீஸில் ஒரே ஓர் ஆள் போன் லைன் போட்டுக் கொடுத்துக்கொண்டிருப்பார். அவர் முகத்தில் எந்த உணர்ச்சியும் இருக்காது. அது எவ்வளவு கஷ்டமான வேலை என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

“மண்ணு கெடச்சிச்சானு கேளு.”

“கெடச்சிச்சு. வாங்குறதுக்கு ஒரு ஆளு கொறையுதுனு சொல்லு.”

“எந்த ஆளுனு கேளு.”

“எங்க வகையறால ஒரு ஆளு. உங்க அத்தைக்கு மொறை தெரியும்.”

ஆள்காட்டி தூரத்தில் கத்திக்கொண்டிருந்தது. அத்தை ரவிக்கைக்குள்ளிருந்து தாலிக்கயிற்றை வெளியே இழுத்துப் போட்டாள். புது மஞ்சளில் இருந்தது.

“இது யாரு வகையறா தாலினு கேளு” என்றாள்.

அதை நான் கேட்கவில்லை. போன் லைன் ஆளுக்கும் சில சமயம் லைன் கிடைக்காமல் போவது உண்டு. மாமா அத்தையின் கழுத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். இருபத்தைந்து வருஷமாக ஒவ்வொரு பங்காளியையும் மனசுக்குள் எண்ணிப் பார்த்திருப்பார், யார் யார் மிச்சம், யார் யார் வருவார்கள் என்று. அந்த எண்ணிக்கையில் இந்த ஆள் விட்டுப்போனது அவருக்கு அப்போதுதான் தெரிந்திருக்க வேண்டும். அவள் கோவித்துக்கொண்டு பிறந்த வீட்டுக்குப் போனவள், எங்கள் வீட்டு ஆள் என்றே அவர் வைத்திருந்தார். நானும் அப்படித்தான் வைத்திருந்தேன்.

அத்தை பள்ளத்தின் விளிம்பில் மண்டிபோட்டு முந்தானையை விரித்துப் பிடித்தாள். மாமா குனிந்து செம்மண்ணை ஒரு பிடி அள்ளினார். விரலிடுக்கில் கொஞ்சம் சிந்தியது. சிந்தியதை விட்டுவிட்டுக் கையில் இருந்ததை முந்தானையில் போட்டார். கற்பூரம் ஏற்றினார். வெயிலில் சுடர் தெரியவே இல்லை. எரிகிற மாதிரி நினைத்துக்கொண்டு கும்பிட்டோம்.

அத்தை முந்தானையை முடிச்சுப் போட்டு இடுப்பில் செருகினாள். மடித்து வைத்திருந்த புளிச்சோற்றை மாமா என்னிடம் கொடுத்தார். நான் அத்தையிடம் கொடுத்தேன். நின்றுகொண்டே சாப்பிட்டாள். சாப்பிட்டு முடித்து, இலையை மடித்து, கையைப் புடவையில் துடைத்துக்கொண்டாள்.

“உங்க மாமன் எப்ப வர்றாருனு கேளு.”

இதைக் கேட்பதற்குள் மாமாவே பதில் சொல்லிவிட்டார், என்னைப் பார்த்து.

“ஆடில வூடு மாத்தக் கூடாதுனு சொல்லு. ஆவணி மொத வாரம் வந்துடறேன். ஆபீஸ்ல சாவி குடுக்கணும், பொட்டி படுக்கை எல்லாம் கீது.”

நான் வாயைத் திறந்தேன். அத்தை கையைக் காட்டி என்னை நிறுத்தினாள். மேற்கே அந்தக் கறுப்புக் கோடு தடித்திருந்தது. அதைப் பார்த்தாள். பிறகு திரும்பி, பள்ளத்துக்குள் நின்ற அந்த ஆளை நேராகப் பார்த்தாள். நான் பிறந்ததிலிருந்து அவர்கள் இரண்டு பேரும் நேருக்கு நேர் பேசி நான் கேட்டதில்லை.

“ஏய்யா, இன்னொரு ஆவணியா?” என்றாள்.

குரலில் கோபம் இல்லை. பஸ் கட்டணம் கேட்கிற மாதிரித்தான் கேட்டாள். மாமா பள்ளத்திலிருந்து ஏறி வந்தார். இடுப்பிலிருந்த சாவிக் கொத்தை எடுத்து என் கையில் வைத்தார். நாளைக்கு ஆபீஸ்ல குடுத்துட்டு, சின்னசாமி வரமாட்டான்னு சொல்லிடு என்றார். நீர்மட்டம் என்ன என்று கேட்டால் என்ன சொல்வது என்று கேட்டேன். யோசித்தார். வழக்கமாகச் சொல்வதைச் சொல்லிவிடு என்றார். பிறகு அத்தையின் பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டார்.

கடைசி பஸ்ஸுக்கு முந்தின பஸ் வருகிற நேரம். நான் முன்னால் போய் நிறுத்தி வைக்கிறேன் என்று குறுக்கே ஓடினேன். பாளங்கள் காலடியில் உடைந்தன. ரோட்டு முனைக்கு வந்து திரும்பிப் பார்த்தேன். அவ்வளவு பெரிய வெட்டவெளியில் இரண்டே இரண்டு பேர். அத்தை முன்னால், மாமா நாலடி பின்னால். பேசிக்கொண்டார்களா என்று தெரியவில்லை. சாவிக்கொத்து என் கையில் கனத்தது. அந்த ஜன்னலும் அந்த அறையும் நாளைக்கு ஒரு நாள் மட்டும் என்னுடையவை.

பஸ் வந்தது. கண்டக்டர் தலையை நீட்டினார்.

“ஏறுப்பா.”

“ரெண்டு பேரு வர்றாங்கண்ணே. கொஞ்சம் நில்லுங்க.”

“எங்க?”

கையைக் காட்டினேன். அவர் கண்ணை இடுக்கிப் பார்த்தார். இரண்டு பேரும் வெறும் சேற்றில் கொஞ்ச தூரம் போய், ஒன்றுமில்லாத இடத்தில் நின்று, எதையோ சுற்றிக்கொண்டு ஒதுங்கினார்கள்.

“நேரா வர வேண்டியதுதானே? இன்னாத்துக்கு அப்பிடி சுத்திக்கினு வர்றாங்க?”

“தெரு வழியா வர்றாங்கண்ணே.”

கண்டக்டர் காய்ந்து கிடந்த அணையை ஒரு தடவை பார்த்தார். அப்புறம் என்னைப் பார்த்தார். வெயில் காலத்தில் இந்த மாதிரிப் பயணிகளையும் அவர் பார்த்திருப்பார் போல. விசில் ஊதினார். பஸ் புழுதியைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டது.

அடுத்த பஸ் சாயங்காலம். நான் மைல்கல்லின் மேல் உட்கார்ந்தேன். அவர்கள் இன்னும் மேலத்தெரு முனையையே திரும்பவில்லை.